வீட்டு லோன் டியூ நின்றுபோனால்: வீடு கைவிட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம், எந்த நாளுக்குள்?

வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாதவருக்கு அரசாங்கமே சில மாதம் கட்டிக்கொடுக்கும் திட்டம் நம் நாட்டில் இல்லை. பயிர்க்கடன் தள்ளுபடியையும் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியையும் பார்த்துப் பழகிவிட்டதால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தால் வீட்டு லோனுக்கும் ஏதாவது வழி பிறக்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள். வங்கி வீட்டுக் கடன் அந்தக் கணக்கில் வராது. 2020-ல் கொரோனாவுக்காக வந்த ஆறு மாத ஒத்திவைப்பும் அப்போதே முடிந்துவிட்டது. அமெரிக்க வரி உயர்வுக்குப் பிறகு 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைச் சலுகை ஏற்றுமதிக் கடன் வைத்திருக்கும் தொழில்களுக்கானது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அது கிடைத்திருக்கலாம். அந்தக் கம்பெனியில் டெய்லராக இருப்பவரின் வீட்டு லோனுக்குக் கிடைக்காது.

அரசு தருவது வேறு வகை உதவி: ரிசர்வ் வங்கியின் விதிகள், சர்ஃபேசி சட்டத்தில் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை வங்கி எடுத்து விற்க வழி தரும் சட்டம்) கடன் வாங்கியவருக்கு இருக்கும் உரிமைகள், பி.எஃப். பணம், வட்டி மானியம், இலவச சட்ட உதவி. எதுவும் தானாக வீடு தேடி வராது, நாள் தாண்டினால் பெரும்பாலானவை கிடைக்கவும் கிடைக்காது. அதனால் முதல் வேலை நாட்களை எண்ணுவதுதான்.

இன்றைக்குக் கணக்கு எந்த நாளில் நிற்கிறது?

வங்கி கணக்கெடுப்பது கட்டாமல் விட்ட மிகப் பழைய தவணையிலிருந்து. வாராக்கடன் ஆவதற்கு முன் கணக்குக்கு வைக்கும் எச்சரிக்கைக் குறிதான் எஸ்எம்ஏ. அது 30 நாள் வரை நின்றால் எஸ்எம்ஏ-0, 31 முதல் 60 வரை எஸ்எம்ஏ-1, 61 முதல் 90 வரை எஸ்எம்ஏ-2. 90 தாண்டினால் வாராக்கடன், அதாவது என்பிஏ. ஜூன் 5-ம் தேதி டியூ நின்றால் செப்டம்பர் 3-ஐ ஒட்டி 90 நாள் முடிந்துவிடும். மூன்று டியூ நின்று, நான்காவது வருவதற்கு முன்பே கணக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. "நாலு டியூ சேர்ந்தாத்தான் நோட்டீஸ் வரும்" என்று டீக்கடையில் சொல்வது இதனால்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. கட்டுகிற பணம் பழைய டியூவுக்குத்தான் முதலில் போகும். ஆகவே இரண்டு டியூ நிலுவையில் இருந்தாலும் மாதம் ஒன்றை முழுசாகக் கட்டிக்கொண்டே வந்தால் 60 நாளைச் சுற்றியே நிற்கலாம், 90-ஐத் தொடாது. பாதி டியூ கட்டினால் நாள் கணக்கு நிற்காது, அந்த டியூ முழுவதும் தீர்ந்தால்தான் நிற்கும். கையில் இருக்கும் 10,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு முழு டியூவாகக் கட்டுவதில் இருக்கும் லாபம் இதுதான்.

என்பிஏ ஆன பிறகு இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அப்போது ஒன்றிரண்டு டியூ கட்டினால் கணக்கு பழைய நிலைக்கு வராது. நிலுவையில் உள்ள அசலும் வட்டியும் மொத்தமாகத் தீர வேண்டும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "ரெண்டு டியூ கட்டிட்டேன், அப்புறமும் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறாங்க" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பணம் இல்லாத மாதத்தில் கணக்கை வெறுமனே விட்டுவிடாதீர்கள். ஆட்டோ டெபிட் திரும்பினால் கடன் கொடுத்த இடத்திலும் சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலும் தனித்தனியாக அபராதம் விழும். செக் பவுன்ஸ் போலவே அதற்கும் குற்ற வழக்குப் போட 2007-ம் ஆண்டின் பணப்பட்டுவாடா சட்டத்தில் 25-வது பிரிவு இருக்கிறது. தேதிக்கு முன்பே கிளைக்குப் போய் நிலைமையைச் சொல்வது நல்லது.

மேனேஜரிடம் என்ன கேட்பது

"கொஞ்சம் டைம் கொடுங்க சார்" என்று கேட்டால் பதிலும் அப்படியே மழுப்பலாகத்தான் வரும். எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதத்துக்கு, எதை மாற்றித் தர வேண்டும் என்று எண்ணோடு கேட்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 லட்சம் பாக்கி, 12 வருடம் மீதி, 9% வட்டி. மாதத் தவணை 22,761 ரூபாய். இதில் முதல் மாதம் 15,000 வட்டிக்கே போகிறது.

மீதிக் காலத்தை 20 வருடமாக நீட்டினால் தவணை 17,995 ஆகிறது. மாதம் 4,766 ரூபாய் மூச்சு விடலாம். அதற்கான விலை, கடைசி வரை இப்படியே கட்டினால் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் ரூபாய் கூடுதல் வட்டி. ஆகவே நீட்டிப்பை வாங்கிக்கொள்ளுங்கள், வருமானம் திரும்பியதும் தவணையை மறுபடி உயர்த்தச் சொல்லுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டத் தனிநபருக்கு அபராதம் கிடையாது.

காலத்தை அப்படியே வைத்து வட்டியை மட்டும் 9-லிருந்து 8% ஆக்கினால் தவணை 21,649. குறைவது 1,112 ரூபாய்தான். உடனடி நெருக்கடிக்கு இது போதாது. ஆனால் கடைசி வரை 1.60 லட்சம் மிச்சம், செலவு என்று பார்த்தால் ஒரு விண்ணப்பமும் ஒரு கட்டணமும் மட்டுமே. ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 2025 பிப்ரவரிக்கு முன் 6.50% இருந்தது, அந்த ஆண்டு டிசம்பருக்குள் 5.25% ஆகிவிட்டது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகளில் வாங்கிய மாறும் வட்டிக் கடன் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் இந்த ரெப்போவோடு, கட்டப்பட்டிருக்கும், குறைப்பு தானாக வந்திருக்கும். அதற்கு முந்தைய கடன் பழைய எம்சிஎல்ஆர், பேஸ் ரேட் முறையில் கிடந்தால் எழுதிக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு வெளி அளவுகோல் கட்டாயம் இல்லை. அங்கே "கன்வெர்ஷன்" கட்டணம் கட்டினால்தான் புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டி பழையவருக்கும் கிடைக்கும். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை சொன்னது. அப்படி எந்தக் கடிதமும் வராமல் உங்கள் காலம் 15 வருடத்திலிருந்து 22 வருடமாகியிருந்தால், கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

மூன்றாவதாகக் கேட்கக்கூடியது, சில மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டுவது. மேலே சொன்ன கடனில் அது மாதம் 15,000. தறி மூன்று மாதம் ஓடாது, கோழிப்பண்ணையில் ஒரு பேட்ச் போய்விட்டது, அடுத்த பேட்ச் வரப் பணம் வரும் என்பது போல முடிவு தெரிந்த கஷ்டத்துக்கு இது பொருந்தும். எப்போது சரியாகும் என்றே தெரியாத நிலைக்கு நீட்டிப்புதான் சரி.

கால நீட்டிப்பில் பெரும்பாலும் இடிக்கும் இடம் வயது. கடன் முடியும்போது 70-ஐத் தாண்டக்கூடாது என்று பல வங்கிகள் வைத்திருக்கின்றன. வேலைக்குப் போகும் மகனையோ மகளையோ சக கடன்தாரராகச் சேர்த்தால் அந்தத் தடை விலகும். ஆனால் கையெழுத்துப் போடுகிற பிள்ளையின் சிபிலிலும் (கடன் வரலாற்றுப் பதிவு) இந்தக் கடன் ஏறும் என்பதைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். அந்தப் பையன் நாளைக்கே கார் லோனுக்குப் போய் நிற்கும்போது தெரியவருவது நல்லதல்ல.

மறுசீரமைப்பு என்ற பெயரில் வங்கி ஏதாவது செய்தால் அது சிபில் அறிக்கையில் குறிக்கப்படும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணக் கால நீட்டிப்பாகவே முடிக்க முடியுமானால் அதுவே மேல். அது கணக்கு சுத்தமாக இருக்கும்போதுதான் எளிது. இரண்டு டியூ நின்ற பிறகு வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம் என்று கிளம்புபவர்களை எந்த வங்கியும் வாசலில் சேர்ப்பதில்லை.

பேச்சு எதுவானாலும் கடிதமாகக் கொடுத்து, நகலில் கிளையின் சீலும் தேதியும் வாங்குங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுபவர் எழுதினால் இப்படி இருக்கலாம்:

"ஐயா, மேற்கண்ட கணக்கில் மாதத் தவணை ரூ.22,761. கடந்த மாதம் வரை முறையாகக் கட்டியுள்ளேன். பாவு வரத்து குறைந்ததால் என்னுடைய 16 தறிகளில் 6 மட்டுமே ஓடுகின்றன. மாத வருமானம் ரூ.55,000-லிருந்து ரூ.34,000 ஆகியுள்ளது. கூலி ரசீதுகளும் ஆறு மாத வங்கிக் கணக்கும் இணைத்துள்ளேன். மாதம் ரூ.18,000 தவறாமல் கட்ட இயலும். ஆகவே மீதிக் காலத்தை 20 ஆண்டாக நீட்டியும், தற்போதைய வட்டி விகிதத்துக்கு மாற்றியும், இதுவரை விதித்த அபராதக் கட்டணத்தை நீக்கியும் உதவக் கோருகிறேன். முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இவ்வளவு போதும். குடும்பக் கதை, தெய்வத்தின் பெயர், கெஞ்சல் எதுவும் தேவையில்லை. கிளை மேனேஜருக்குப் பெரும்பாலும் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது, மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் பார்ப்பது வருமானம் எவ்வளவு, எவ்வளவு கட்டுவார், ஆதாரம் என்ன என்ற மூன்றைத்தான். அபராதம் பற்றி ஒரு வார்த்தை: 2024-லிருந்து வங்கிகள் அபராத வட்டி போட முடியாது, அபராதக் கட்டணம் மட்டுமே போடலாம், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டியும் ஏற்றக்கூடாது. கணக்கு அறிக்கையை வாங்கி வரி வரியாகப் பாருங்கள்.

வேறு எங்கிருந்து பணம் வரலாம்

முதலில் லோன் போட்ட அன்று கையெழுத்து வாங்கிய கட்டுக்கத்தையை எடுத்துப் பாருங்கள். கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் போட்டிருப்பார்கள், பிரீமியம் லோன் தொகையிலேயே கழிந்திருக்கும். வீட்டுக்காரர் இறந்துபோய், அப்படி ஒரு பாலிசி இருப்பதே தெரியாமல் மனைவி நகையை விற்று டியூ கட்டுவது நடக்கிறது. இறப்பு மட்டுமில்லை, சில பாலிசிகளில் கடும் நோய்க்கும் விபத்து ஊனத்துக்கும் பணம் உண்டு. லோன் கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்தில் "இன்சூரன்ஸ்" என்று ஒரு கழிவு இருந்தால் பாலிசி நகலைக் கேளுங்கள்.

பனியன் கம்பெனி, மில், பவுண்டரியில் பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்கு வீட்டுக் கடன் அடைக்கப் பி.எஃப். பணத்தில் எடுக்க வழி இருக்கிறது. பழைய விதி 68பிபி-யின்படி 10 வருட உறுப்பினராக இருந்தால் 36 மாதச் சம்பளம் வரை. 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு எல்லா முன்பணங்களுக்கும் குறைந்தபட்சச் சேவையை 12 மாதமாக்கவும், 25 சதவீதத்தைக் கணக்கிலேயே விட்டுவைக்கவும் முடிவெடுத்தது. விண்ணப்பம் படிவம் 31, ஆன்லைனில் யுஏஎன் எண்ணில். இங்கே பாதி விண்ணப்பம் திரும்பி வருவது ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பெயர் எழுத்து ஒத்துப்போகாததால்தான். இனிஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இருக்கும். அதைக் கம்பெனி ஹெச்.ஆர். மூலம் முதலில் சரிசெய்யுங்கள், நாள் பிடிக்கும் வேலை. எடுத்த பணத்தை நான்கைந்து டியூவாகக் கட்டித் தீர்த்துவிடாமல், நிலுவையை முடித்து மீதியை அசலில் போட்டு, "காலத்தைக் குறைக்க வேண்டாம், தவணையைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் பெரும்பாலும் காலம்தான் குறையும், மாதச் சுமை அப்படியே இருக்கும்.

வட்டி மானியம்: 2024 செப்டம்பர் 1-க்குப் பிறகு அனுமதித்துப் பணம் கொடுத்த கடனாக இருந்தால் பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0 பொருந்துகிறதா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, வீட்டின் மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை, நாட்டில் வேறெங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4% வீதம் கணக்கிட்டு, அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் சேரும். ஒவ்வொரு முறையும் கணக்கு நடப்பில் இருந்து, அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருந்தால்தான் அடுத்த தவணை வரும். 2022-க்கு முன்பு பழைய திட்டத்தில் விண்ணப்பித்தவர்கள், அந்த மானியம் உண்மையில் வரவு வைக்கப்பட்டதா என்று அறிக்கையில் தேடுங்கள். வரவு வராத கேஸ்கள் இருக்கின்றன.

கையை வைக்கக் கூடாத இடங்கள்

நகையை வைத்து ஒன்றிரண்டு டியூ கட்டுவதில் தப்பில்லை, வரவேண்டிய பணம் எங்கிருந்து எந்தத் தேதியில் வரும் என்று தெரிந்திருந்தால். தெரியாமல் வைத்தால் நகையும் போகும், டியூவும் நிற்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்கி வங்கி டியூ கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 9% கடனைக் காப்பாற்ற மாதம் 5, 10 வட்டிக்கு வாங்குவதில் எந்தக் கணக்கும் நிற்காது. ஏற்கெனவே மாட்டியிருந்தால் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் காவல்நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

மாடிப் போர்ஷனைப் போக்கியத்துக்கு விட்டு மொத்தமாக ஐந்து லட்சம் வாங்கி டியூ கட்டலாம் என்ற யோசனை நம் ஊரில் சகஜம். வாடகைக்கு விடுவது பரவாயில்லை. அடமானத்தில் இருக்கும் வீட்டைப் போக்கியத்துக்கு விட வங்கியின் எழுத்துச் சம்மதம் வேண்டும், நோட்டீஸ் வந்த பிறகு சம்மதமில்லாமல் விற்கவோ லீஸுக்கு விடவோ சட்டமே தடை செய்கிறது. வீடு ஏலம் போனால் போக்கியக்காரர் பணமும் சேர்ந்து போகும், அந்தப் பழி உங்கள் மேல் விழும்.

மஞ்சக்கடுதாசி கொடுத்துவிட்டால் வீடு தப்பிக்கும் என்பதும் தவறு. அந்த ஐ.பி. (திவால்) மனுவால் கைக்கடன் கொடுத்தவர்களைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம். வீட்டை அடமானமாக வைத்திருக்கும் வங்கியின் கையை அது கட்டாது.

13(2) நோட்டீஸ் வந்தால்

கணக்கு என்பிஏ ஆன பிறகு சர்ஃபேசி சட்டம், 2002-ன் 13(2) பிரிவில் நோட்டீஸ் வரும். 60 நாளில் மொத்தப் பாக்கியையும் கட்டச் சொல்லும். இதைத் தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்புபவர்கள் தங்களுக்கே குழி தோண்டுகிறார்கள். வாங்காவிட்டாலும் வாசலில் ஒட்டி, பேப்பரில் போட்டு நாளை ஓட்டிவிடுவார்கள். உங்களுக்குத்தான் பதில் எழுதும் நாட்கள் போகும்.

அந்த 60 நாளுக்குள் 13(3ஏ) பிரிவில் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டியது வங்கியின் கடமை. எழுதும்போது "கஷ்டமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் கணக்கில் உள்ள ஓட்டையைத் தேடுங்கள்: கட்டிய பணம் வரவு வைக்கப்படவில்லையா, மானியம் சேரவில்லையா, இன்சூரன்ஸ் கிளெய்ம் நிலுவையில் இருக்கிறதா, அபராதத்தின் மேல் வட்டி போட்டார்களா, 90 நாள் முடிவதற்குள் என்பிஏ ஆக்கினார்களா? பாக்கி அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் இந்தச் சட்டமே பொருந்தாது. கடன் கொடுத்தது என்பிஎஃப்சி-யாக (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) இருந்தால் 20 லட்சத்துக்குக் கீழான கடனுக்கு அவர்கள் சர்ஃபேசியைப் பயன்படுத்த முடியாது.

கோவை, திருப்பூர் பக்கத்தில் அடிக்கடி வரும் கேள்வி தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீடு. விவசாய நிலம் அடமானமாக இருந்தால் 31-வது பிரிவு அதைச் சர்ஃபேசியிலிருந்து விலக்குகிறது. ஆனால் சிட்டாவில் "புஞ்சை" என்று இருப்பது மட்டும் போதாது. நிலத்தில் உண்மையில் வெள்ளாமை நடக்கிறதா என்று பார்ப்பார்கள், நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா, கிணற்று மோட்டாருக்கு விவசாய மின் இணைப்பு இருக்கிறதா, கரும்போ மஞ்சளோ போட்ட ரசீது உண்டா என்று சேர்த்துவையுங்கள். சைட் பிரித்து அப்ரூவல் வாங்கிய நிலத்தில் இரண்டு தென்னை நின்றால் அது விவசாய நிலம் ஆகாது. விலக்கு கிடைத்தாலும் கடன் போகாது. வங்கி வழக்குப் போட்டு வசூலிக்கலாம். கிடைப்பது அவகாசம்தான்.

பாக்கியைக் குறைத்துப் பேசி ஒரேயடியாகத் தீர்க்கும் ஓ.டி.எஸ். பேச இந்த 60 நாள் நல்ல சமயம். எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ஒப்புக்கொண்ட கடைசித் தவணையை ஒரு நாள் தவறவிட்டால் சலுகை ரத்தாகி, கட்டியதெல்லாம் பழைய பாக்கியில் கழிந்துபோகும். சிபிலில் "செட்டில்டு" என்று விழும் என்பதையும் தெரிந்து பேசுங்கள்.

சுவாதீன நோட்டீஸும் கோவை தீர்ப்பாயமும்

60 நாள் முடிந்ததும் 13(4)-ல், வீட்டை வங்கி கையகப்படுத்தியதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ் ஒட்டி, ஏழு நாளில் ஒரு தமிழ் நாளிதழ் உட்பட இரண்டு பத்திரிகைகளில் போடுவார்கள். இது பெரும்பாலும் காகிதச் சுவாதீனம்தான், அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆட்களை வெளியேற்ற வங்கி 14-வது பிரிவில் கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்க வேண்டும்.

அந்த நோட்டீஸ் நாளிலிருந்து 45 நாளுக்குள் 17-வது பிரிவில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கோவையிலேயே ஒன்று இருப்பது நமக்கு வசதி, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களைத் தவிருங்கள். 34-வது பிரிவு சிவில் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. 20 லட்சம் பாக்கிக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 7,500 ரூபாய், வக்கீல் செலவு தனி. தடை கேட்டால் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது வழக்கம், அதனால் வெறுங்கையோடு போகாதீர்கள். தீர்ப்பாயத்தில் தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால் பாக்கியில் பாதியை டெபாசிட் கட்ட வேண்டும், 25% வரை குறைக்கலாம். ஆகவே கோவையிலேயே ஒழுங்காக வாதாடுவது முக்கியம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. வீட்டு லோனில் மனைவியும் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம். தீர்ப்பாயத்துக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் கிடக்கும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் முடித்தால் அது இறுதி, மேல்முறையீடு இல்லை. அந்தத் தொகையை நிஜமாகவே கட்ட முடியுமா என்று யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏலத்துக்கு முன் நீங்களே விற்பது

திரும்ப வழியில்லை என்று தெரிந்தால் ஏலம் வரை இழுக்காதீர்கள். ஏல நோட்டீஸ் வெளியாகும் வரைதான் முழுப் பாக்கியையும் செலவையும் கட்டி வீட்டை மீட்க முடியும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏல விலை சந்தை விலைக்குக் கீழேதான் நிற்கும், வாங்க வருபவர் அதற்காகவே வருகிறார்.

நீங்களே விற்க, வங்கியிடம் முழுப் பாக்கிக் கடிதமும், அவர்கள் கையில் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் கேட்டு வாங்குங்கள். வாங்குபவரோடு போடும் கிரய ஒப்பந்தத்தில் வங்கிப் பாக்கியை அவர் நேரே கடன் கணக்கில் டி.டி.-யாகக் கட்டுவார், மீதி உங்களுக்கு என்று எழுதுங்கள். அட்வான்ஸை உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டால் லோன் பாக்கிக்கு வங்கி அதை எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. 13(2) நோட்டீஸ் வந்திருந்தால் விற்க வங்கியின் எழுத்துச் சம்மதம் கட்டாயம். ஏலத்தில் போனாலும், பாக்கியும் செலவும் போக மிஞ்சுவது உங்கள் பணம். கேட்டு வாங்குங்கள். குறைந்தால் மீதியை வங்கி உங்களிடம் வசூலிக்கும். முதல் ஏலத்துக்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், அடிமாட்டு விலைக்கு மதிப்புப் போட்டிருந்தால் அதற்குள் வேறு மதிப்பீட்டாளர் அறிக்கையோடு தீர்ப்பாயத்தில் கேட்கலாம்.

கூட்டுறவு சங்கம், வாரிய வீடு

கூட்டுறவு வீட்டு வசதி சங்கக் கடனுக்கும் வீட்டு வசதி வாரியத் தவணை வீட்டுக்கும் மட்டும் மாநில அரசு அவ்வப்போது அபராத வட்டிச் சலுகை அறிவிக்கிறது. காலக்கெடு குறுகியதாக இருக்கும், கடிதம் வராது. சங்க அலுவலகத்திலோ வாரியத்தின் பிரிவு அலுவலகத்திலோ அடிக்கடி போய்க் கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

வசூல் ஆட்களும் புகாரும்

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் டியூ கேட்டுப் போன் செய்யக் கூடாது. சொந்தக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. அழைப்பைப் பதிவு செய்து, தேதி நேரத்தோடு வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம், உதவி எண் 14448. வீட்டு வசதி நிதி நிறுவனம் மேலான புகார் தேசிய வீட்டு வசதி வங்கிக்குப் போகும். இடம் மாறிப் போட்டால் மாதக்கணக்கில் கிடந்து திரும்பி வரும். உள்ளூரில் கிளை கடிதத்தையே வாங்க மறுத்தால் மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். தள்ளுபடி செய்ய அவருக்கு அதிகாரமில்லை, கிளையைப் பதில் சொல்ல வைக்க முடியும்.

எந்த வழியில் கடன் முடிந்தாலும், முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்து, ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.